ஞாயிற்றுக்கிழமைத் துவக்கு

என் துவக்கு ஒரு கிரிக்கெட் பையில் இருக்கிறது. ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் பதினான்காம் மாடியிலிருந்து அதைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கும்போது, லிஃப்டில் நிற்கும் அங்கிள் யாராவது இன்றைக்கு எந்த மைதானத்தில் ஆட்டம் என்று கேட்பார். வடக்கே, றிச்மண்ட் ஹில்லுக்கு அங்கால் என்று சொல்வேன். அது பொய்யில்லை. றிச்மண்ட் ஹில்லையும் கடந்து முக்கால் மணித்தியாலம் ஓடினால் ஒரு சிறிய காடு வரும். அங்கேதான் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடுகிறோம்.

எயார்சொஃப்ட் என்று அதற்குப் பெயர். துவக்கு பார்வைக்கு அசல் போலவே இருக்கும். உள்ளே இருப்பது ஒரு மோட்டரும் பற்றறியும். வெளியே வருவது மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்ரிக் குண்டு. தடித்த உடுப்பின்மேல் பட்டால் யாரோ விரலால் சுண்டியது போல இருக்கும். வெறுந்தோலில் பட்டால் இரண்டு நாளைக்குச் சிவந்திருக்கும். கண்ணை மறைக்கும் கவசம் இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள்.

எட்டு வருடங்களுக்கு முன், பிறம்ரனில் நான் வேலை செய்யும் வெயார்ஹவுஸில் இருந்த பிலிப்பீன்ஸ் நண்பன் ஒருவன் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டான். பிறகு என் மனைவியின் தம்பியும் சேர்ந்துகொண்டான். இந்த விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பைத்தியம். பிலிப்பீன்ஸ் நண்பனுக்கு வாயுவில் இயங்கும் துவக்குத்தான் வேண்டும், அதுதான் சுடும்போது தோளை உதைக்கும் என்பான். இலையுதிர் காலம் வந்துவிட்டால் குளிரில் வாயு வேலை செய்யாது. அவன் அதைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு குந்தியிருப்பான். மச்சானுக்கு ஓடி விளையாடப் பிடிக்காது. இலைகள் தைத்த வலையைப் போர்த்துக்கொண்டு ஒரு மரத்தடியில் ஒன்றரை மணித்தியாலம் கிடந்து, ஒரேயொரு குண்டு சுட்டுவிட்டு நாள் முழுக்க அதைப் பற்றியே கதைப்பான்.

என் பைத்தியம் உடுப்பு. வசந்த காலத்துக்கு ஒரு பச்சை, கோடைக்கு ஒரு பச்சை, இலைகள் நிறம் மாறிய பிறகு மண்ணிறம் கலந்த ஒன்று என்று தேடித்தேடி வாங்கினேன். எல்லாம் ஏதோ ஒரு நாட்டு இராணுவம் போட்டுக் கழித்தவை, அல்லது அவற்றைப் பார்த்துத் தைத்தவை. எந்தக் கோலம் எந்தக் காட்டில் கரைந்து போகும் என்று மதிய இடைவேளையில் கைபேசியில் படம் படமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். மனைவி அவற்றை ஆமி உடுப்பு என்றுதான் சொல்வாள். பால்கனியில் காயப்போட விடமாட்டாள், எதிர்க் கட்டடத்துச் சனம் என்ன நினைக்கும் என்பாள். அவளுக்கு இருந்தது அவ்வளவு சங்கடந்தான். அவள் மூன்று வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். நான் ஆறு வயதில் வந்தவன். ஊரில் நடந்த போரை நாங்கள் இரண்டு பேரும் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம்.

இந்த விளையாட்டில் குண்டு பட்டதற்கு அடையாளம் எதுவும் விழாது. சாயம் தெறிக்காது. பட்டவனுக்கு மட்டுந்தான் தெரியும். ஆகவே முதல் விதி, பட்டால் நீயே ஒத்துக்கொள்ள வேண்டும். கையை உயர்த்தி “ஹிற்” என்று கத்த வேண்டும். சட்டைப் பையில் வைத்திருக்கும் சிவப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, எல்லையில் நட்டிருக்கும் கம்பம்வரை நடந்துபோய்த் தொட்டுவிட்டு, திரும்பவும் ஆட்டத்துக்கு வரலாம். இரண்டாவது விதி, கை உயர்த்தியவனைச் சுடக்கூடாது.

நான் எழுத வந்தது என்னோடு வேலை செய்யும் ஒருவரைப் பற்றி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வெயார்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அந்தப் பகுதிக்கு நான் மேற்பார்வையாளன், ஆனால் வேலையிடத்திலும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் கதைக்கமாட்டார். வன்னியில் போர் முடியும்வரை இருந்துவிட்டு வந்தவர் என்று யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த விசயங்களை நாங்கள் வேலையிடத்தில் கேட்பதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம் எனக்கு இருந்திருக்கலாம்.

ஒருநாள் மதியம் அவர் எனக்கு எதிரே சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது நான் கைபேசியில் ஒரு சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன அது என்று கேட்டார். கொஞ்சம் வெட்கத்தோடு விளக்கினேன். நோகுமா என்று கேட்டார். கண்ணில் படாதா என்று கேட்டார். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, பட்டால் என்ன செய்வது என்று கேட்டார். கையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்துவர வேண்டியதுதான் என்றேன்.

“கையைத் தூக்கின பிறகு சுடமாட்டினமோ?”

“சுடமாட்டினம் அண்ணை. சுட்டா ஆளை வீட்டை அனுப்பிப் போடுவினம்.”

சாப்பிட்டு முடித்துப் பெட்டியை மூடினார். எழும்பும்போதுதான் சொன்னார்.

“ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போம். வந்து பாக்கிறன்.”

அந்த வருடம் யூன் மாதத்து முதல் ஞாயிறு அவரைக் காரில் போய் ஏற்றினேன். வேலைக்குப் போடும் அதே பழுப்புக் காற்சட்டையும் இரும்பு முனைச் சப்பாத்தும், சாம்பல் நிற ஸ்வெற்றர் ஒன்றும் போட்டிருந்தார். அவருக்கென்று நான் ஒரு பச்சைச் சட்டை கொண்டுவந்திருந்தேன். காட்டுக்குள் அது இல்லாவிட்டால் எல்லாருக்கும் தெரிவீர்கள் என்றேன். அவர் அதை வாங்கி, துணியை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தார். பிறகு சட்டைக் கைகளை உள்ளே மடித்து, கழுத்துப் பட்டியை நேராக்கி, கடையில் வைத்திருப்பது போல மடித்துப் பின்சீற்றில் வைத்தார்.

“எனக்கு இது வேண்டாம் தம்பி. தெரிஞ்சாத் தெரியட்டும்.”

அங்கே வாடகைக்குத் தரும் துவக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார். முதல் தடவை துவக்கு தூக்குகிறவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், கண்ணுக்கு நேரே பிடிப்பார்கள், படம் எடுப்பார்கள். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. துவக்கின் வாயை நிலத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, விசையிலிருந்து விரலை விலக்கி வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த பிலிப்பீன்ஸ் நண்பன், இவர் பழகின ஆள் போல இருக்கிறார் என்று என் காதில் சொன்னான். நான் கேட்காதது போல இருந்தேன்.

முதல் ஆட்டத்தில் ஐந்து நிமிடத்திலேயே அவருக்குப் பட்டுவிட்டது. விழுந்து கிடந்த மரமொன்றின் பின்னாலிருந்து எழும்பிக் கையைத் தூக்கினார். அவரைப் பார்த்தபடி நின்ற மூன்று பேரும் உடனே துவக்கைத் தாழ்த்தினார்கள். அதோடு அவர் கம்பத்துக்கு நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. கையை உயர்த்தியபடி அந்த மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு விதி விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, போகலாம் அண்ணை என்று கத்தினேன். அதற்குப் பிறகுதான் சிவப்புத் துணியைத் தலையில் போட்டார். கம்பம்வரை உயர்த்திய கையை அவர் இறக்கவேயில்லை.

அன்றைக்கு அவருக்குப் பத்துத் தடவைக்கு மேல் பட்டது. மச்சான் சிரித்தான், இந்த அங்கிளுக்கு ஒளிக்கத் தெரியாது என்று. திரும்பி வரும்போது களைத்துவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை, நல்லாயிருந்தது என்றார். அவரை இறக்கிவிடும்போது அடுத்த ஞாயிறும் போகிறீரா என்று கேட்டார்.

கோடை முழுவதும் வந்தார். தனக்கென்று ஒரு முகக்கவசமும் கையுறையும் வாங்கிக்கொண்டார். என்னிடம் சும்மா கிடந்த பழைய துவக்கைத் தருகிறேன் என்றபோது, வாடகைத் துவக்குப் போதும் என்றுவிட்டார். எங்கள் பக்கம் அடிக்கடி தோற்றது. அவர் யாரையாவது வெளியேற்றி நான் பார்த்ததேயில்லை. வயதான கண், குறி பார்ப்பது கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டெம்பர் கடைசியில் ஒரு மதியம், எல்லாருடைய துவக்குகளுக்கும் குண்டு நிரப்பும் வேலை எனக்கு வந்தது. அவருடைய குண்டுக்கூட்டைக் கழற்றிப் பார்த்தால், காலையில் எப்படிக் கொடுத்தார்களோ அப்படியே நிறைந்திருந்தது. ஏதோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே பார்த்தேன். அன்றும் ஒன்றுகூடக் குறையவில்லை. காலை முழுவதும் காட்டுக்குள் நடந்து, ஒளித்து, ஏழு தடவை பட்டு, ஏழு தடவை கை தூக்கிவிட்டு வந்தவர் ஒரு தடவையும் விசையை அமத்தவில்லை. அந்தக் கோடை முழுவதும் அமத்தியிருக்கமாட்டார் என்று எனக்கு உறைத்தது.

கேட்கத்தான் நினைத்தேன். கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வந்தது. சுடாத ஆளை வைத்துக்கொண்டு எப்படி வெல்வது என்ற எரிச்சல்.

அதற்கு இரண்டு கிழமை கழித்து அது நடந்தது. அன்று வேறு ஊரிலிருந்து ஒரு புதிய குழு வந்திருந்தது. மர வீடுகள் இரண்டு மூன்று கட்டிவைத்திருக்கும் பகுதியில் ஆட்டம். அண்ணை ஒரு வீட்டின் மூலையைச் சுற்றி வந்தார், எதிரே ஓடிவந்த ஒருவன் பத்தடி தூரத்தில் நேருக்கு நேர் நின்றான். அவன் சுட்டான், அண்ணைக்குப் பட்டது, அவர் துவக்கைக் கீழே விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினார். அவன் விரலை எடுக்கவில்லை. தொடர்ந்து சுடும் நிலையில் இருந்த துவக்கு அது. கழுத்திலும் காதிலும் உயர்த்திய உள்ளங்கையிலும் குண்டுகள் பட்ட சத்தம் நான் நின்ற இடத்துக்குக் கேட்டது.

நடுவர் விசில் ஊதினார். எல்லாம் நின்றது. அண்ணை முழங்காலில் இருந்தார். கைகளைப் பிடரியில் கோத்து, நெற்றியை இலைச் சருகில் வைத்துக் குனிந்திருந்தார். நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. அவருடைய கண் உயரத்தில் என் சப்பாத்தும், இலைக்கோலம் போட்ட என் காற்சட்டையும் இருந்தன.

“மாத்தயா,” என்றார், மெதுவாக. சிங்களத்தில் ஐயா என்று சொல்கிற சொல். ஆமிக்காரரோடு எங்கள் ஆட்கள் பேசவேண்டி வந்தால் அப்படித்தான் தொடங்குவார்கள். அதை நான் என் அப்பாவின் வாயில் கேட்டிருக்கிறேன், ஏதோ பழைய சோதனைச்சாவடிக் கதை சொல்லும்போது. என்னைப் பார்த்து ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்வார் என்று நான் நினைத்திருக்க முடியாது.

முகக்கவசத்தைக் கழற்றினேன். சட்டையின் சிப்பைப் பிடித்து இழுத்தேன், அது பாதியில் இறுகிவிட்டது, தலைக்கு மேலால் உருவி எறிந்தேன். உள்ளே போட்டிருந்த வெள்ளை பெனியனோடு அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

“அண்ணை, நான்தான். ஒண்டுமில்லை. நான்தான் அண்ணை.”

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிடரியிலிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. காதில் கொஞ்சம் இரத்தம் இருந்தது. என்னை அடையாளம் கண்டதும் அவர் முதலில் செய்தது, விழுந்த தன் கையுறையைத் தேடியதுதான்.

சுட்டவன் கவசத்தைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றான். இருபது வயதுதான் இருக்கும். பதற்றத்தில் விரலை எடுக்க வரவில்லை என்று திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டான். அண்ணை அவனுடைய தோளில் தட்டி, “இற்ஸ் ஓகே” என்றார். அந்தக் காட்டில் ஆட்டங்களை நடத்துகிறவர் அவனை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும் வழியில் ஒரு கோப்பிக் கடையில் காரை நிறுத்தினேன். உள்ளே போக அவர் விரும்பவில்லை. இரண்டு கோப்பியை வாங்கிக்கொண்டு வந்து காருக்குள்ளேயே இருந்தோம். அவர் மூடியைத் திறக்காமல் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“என்ரை தம்பி கையைத் தூக்கினவன்,” என்றார். “வெள்ளைத் துணியும் பிடிச்சவன். நான் பின்னாலை, ஒரு பத்தடி தள்ளி நிண்டனான்.”

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பம் பிள்ளைகளை இறக்கிக் கடைக்குள் போய்க்கொண்டிருந்தது.

“இங்கை நான் கையைத் தூக்கிறன், நிப்பாட்டுறாங்கள். எத்தினை தரம் தூக்கினாலும் அத்தினை தரமும் நிப்பாட்டுறாங்கள். அதைப் பாக்கத்தான் தம்பி நான் வாறனான்.”

அவர் என்னைத் தம்பி என்று ஆயிரம் தடவை கூப்பிட்டிருப்பார். வேலையிடத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்று அந்தச் சொல்லுக்கு என்னால் ஓம் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கோப்பி ஆறிப்போயிற்று. அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தேன்.

மனைவியிடம் சொன்னபோது நான் ஆறுதலை எதிர்பார்த்தேன் போலும். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்த மனுசன் எங்கையிருந்து வந்தவர் எண்டு தெரிஞ்சுகொண்டும் நீங்கள் ஏன் முதலே அவரிட்டை ஒண்டும் கேக்கேல்லை?” என்றாள். நான் இத்தனை வருடமும் அந்தத் துணிகளை அவற்றின் அழகுக்காகத் தடவிப் பார்த்தவன். இலையின் நிழலை எவ்வளவு நுட்பமாக அச்சடித்திருக்கிறார்கள் என்று வியந்தவன். அவற்றைப் போட்டுக்கொண்டு ஒருவன் முன்னால் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று, முழங்காலில் இருக்கும் ஒருவரின் இடத்திலிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த மாதமும் அடுத்த மாதமும் நான் போகவில்லை. வேலையிடத்தில் அவர் வழமைபோல இருந்தார். காதுக் காயம் ஆறிவிட்டது. டிசெம்பரில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், குளிர்காலத்தில் உள்ளரங்கில் விளையாடுவதாகச் சொன்னீரே, போவதில்லையா என்று கேட்டார். விட்டுவிட்டேன் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

“என்னாலை எண்டா விடவேண்டாம். ஒருத்தன்தானே நிப்பாட்டேல்லை. மற்ற எல்லாரும் நிப்பாட்டினவங்கள்தானே.”

அவர் கணக்கில் அப்படித்தான் இருந்தது. அந்தக் கோடை முழுவதும் நிறுத்தியவர்களை அவர் மறக்கவில்லை. நான்தான் நிறுத்தாத ஒருவனை வைத்து எல்லாவற்றையும் மூடியிருந்தேன்.

மறுபடி போனோம். நான் ஒரு கறுப்புக் காற்சட்டையும் பழைய நீல ஸ்வெற்றரும் போட்டுக்கொண்டு போனேன். மச்சானிடமும் ஆமி உடுப்பு வேண்டாமே என்று சொல்லிப் பார்த்தேன். அவன் இங்கே பிறந்தவன். “அது ஜஸ்ட் எ பற்றர்ன் அத்தான், இற் டஸின்ற் மீன் எனிதிங்,” என்றான். அவனோடு வாதாட எனக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. அவன் இப்போதும் அதைத்தான் போடுகிறான். அண்ணை அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. நான் உடுப்பை மாற்றியதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. கவனித்தார் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

வசந்தத்தில் காட்டு ஆட்டங்கள் தொடங்கியபோது நடுவர்கள் போதவில்லை. நடத்துகிறவர் அண்ணையிடம் கேட்டார். அவர் உடனே ஒத்துக்கொண்டார். இப்போது செம்மஞ்சள் அங்கியும் விசிலுமாக நடுவில் நிற்கிறார். யாராவது கை தூக்கினால், மற்றவர்கள் துவக்கைத் தாழ்த்தும்வரை அந்த ஆளுக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறார். நடுவர் அப்படிச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. அவருக்கே இரண்டு மூன்று குண்டு படும். நடத்துகிறவர் சொல்லிப் பார்த்தார், அவர் கேட்கவில்லை. இப்போது அவர் நிற்கும் பக்கத்தில் எல்லாரும் கொஞ்சம் கவனமாகவே சுடுகிறார்கள்.

நான் இன்னமும் விளையாடுகிறேன். துவக்கின் பாரம் கைக்கு வரும்போது எனக்கு இன்னமும் பிடித்திருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் மறைக்க விரும்பவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, ஆட்டம் தொடங்குமுன், சுட்டுப் பழகும் இடத்தில் நான் தனியாக நின்றபோது அவர் வந்தார். துவக்கைத் தரச் சொல்லிக் கையை நீட்டினார். கொடுத்தேன். தோளில் வைத்தார், கன்னத்தைச் சாய்த்தார். அறுபதடி தூரத்தில் தொங்கிய தகரத் தட்டைப் பார்த்து ஒன்று, ஒன்றேயொன்று சுட்டார். தட்டின் நடுவில் டிங் என்று சத்தம் கேட்டது. அவருடைய கண்ணில் எந்தக் குறையும் இல்லை. துவக்கைத் திருப்பித் தந்துவிட்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, “சரி, வாரும், ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்,” என்றார்.